ருசி பார்க்காமல் சமைத்துப் போட்ட மகனுக்கு

அன்பு மகனுக்கு, நீ கரியேற்றிவிட்டுப் போன சட்டிகளை இன்னும் தேய்த்து முடிக்காத உம்மா யாங்கோனிலிருந்து எழுதுவது. இங்கே நானும் வாப்பாவும் சுகம். உன் சுகத்தை மூலைக் கடைப் போனில் நேற்றே கேட்டுக்கொண்டதால் அதை மறுபடி விசாரிக்கவில்லை. ஆனால் போனில் நீ விசாரித்தது வேறு. "உம்மா, நீங்க இன்னும் பதில் சொல்லலியே" என்றாய். எனக்குப் பின்னால் நாலு பேர் போனுக்காக வரிசையில் நின்றுகொண்டு, நம் பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். விமான நிலையத்தில் நீ கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். இனியும் தள்ளிப்போட முடியாது என்று இன்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ கேட்டது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. கோலாலம்பூரில் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து இறங்குகிற பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உன் முதலாளியின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அவருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகளுக்குக் கடையில் நாட்டமில்லை. கடை தன் பெயரிலேயே இருக்கட்டும், நீ எடுத்து நடத்து என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். ஒத்துக்கொண்டால் நீ அந்த ஊர்க்காரனாகிவிடுவாய். வேண்டாம் என்றால் பெர்மிட் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, இங்கே லத்தா கடைத்தெருவில் வாப்பாவின் குடைக் கடையில் உட்காருவாய். இதை நீயே முடிவு செய்திருக்கலாம். நீயோ முடிவைக் கொண்டுவந்து என் நாக்கில் வைத்துவிட்டாய். "ரங்கூன்ல பொறந்தவன் மலேசியாச் சாப்பாடு செஞ்சு, மலேசியா பாக்க வர்றவங்களுக்குப் போடலாமா உம்மா? என் கை அதுக்குத் தகுமா? நீங்க சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க. குறை இருந்தா வந்துடறேன்" என்றாய்.

என் நாக்கைப் பற்றி இந்தத் தெருவுக்கே தெரியும். நிக்காஹ் வீட்டில் பிரியாணிக்குத் தம் போடும் முன் கறி ஆணத்தில் ஒரு கரண்டி எடுத்து என் உள்ளங்கையில் ஊற்றாமல் யாரும் சட்டி மூடியை மாவு வைத்து ஒட்டுவதில்லை. நான் உம் கொட்டினால் ஒட்டுவார்கள். பேசாமல் நின்றால் சமைக்கிற பண்டாரிக்கு முகம் தொங்கிவிடும். வாப்பாவின் நாக்கு வேறு ரகம். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து எதை வைத்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிற மனுஷன். ஒருமுறை உப்பே போட மறந்த மீன் ஆணத்தையும் அப்படித்தான் சாப்பிட்டு முடித்தார். அதனால்தான் நீ அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்தாய். நானும் சொல்லிப் பார்த்தேன். "நான் மலேசியாவைக் கண்ணால கூடக் கண்டதில்ல, எனக்கு என்ன தெரியும்?" என்றேன். "வர்றவங்களும் மொதத் தடவை சாப்பிடறவங்கதான் உம்மா. அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது. அதான் உங்க நாக்கு வேணுங்கறேன்" என்று நீ வாயை அடைத்துவிட்டாய். உன்னிடம் பேசி ஜெயிக்க முடியாதவளாகிவிட்டேன்.

எனக்கு ஒன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. முதன்முதலில் நீ போனபோது உனக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது. அடுப்படிக்குள் தலை காட்டினால் "ஆம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை" என்று விரட்டியவள் நான். மரச்சாமான் தொழிற்சாலை வேலை என்றுதான் கூட்டிப்போனார்கள். மரத்தூள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருமி இருமி, கடைசியில் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவப் போனாய். அதைக் கேட்டு நான் இங்கே அழுதேன். கழுவுகிற இடத்திலிருந்து அடுப்புக்கு எப்போது நகர்ந்தாய் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லை. இன்னொன்று, இங்கே இருந்தவரை தமிழில் ஆரம்பித்துப் பர்மிய மொழியில் முடிக்கிற பிள்ளை நீ. இப்போது முழுக்கத் தமிழில் பேசுகிறாய். யாங்கோனில் பிறந்தவன் கோலாலம்பூருக்குப் போய்த் தமிழ் படித்துக்கொண்டான் என்று வாப்பா கடைத்தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். இந்தக் கடிதத்தை நீ எழுத்துக் கூட்டாமல் படிப்பாய் என்ற தைரியத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ வந்து இறங்கியதோ நோன்பு மாதம். நம் வீட்டில் நோன்பு பிடித்தவர்கள் சமைக்கும்போது நாக்கு நுனியில்கூட எதையும் வைப்பதில்லை. வாசனையை வைத்தும் கை அளவை வைத்தும்தான் உப்பும் புளியும் போட வேண்டும். எனக்கே அந்த மாதத்தில் இரண்டு நாள் தப்பிப்போகும். பெருநாள் கழித்துச் சமைத்துக் காட்டு, அவசரமில்லை என்றேன். நீ கேட்கவில்லை. உன் கடைக்கு நோன்பு மாதச் சாயங்காலங்களில்தான் கூட்டம் அலைமோதும், நோன்பாளி சமைத்து நோன்பாளிக்கு விற்கிற வியாபாரம் அது, அப்போது சரியாக வராத கை எப்போதும் சரியாக வராது என்றாய். சரி, நானும் எனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பசித்த வாய்க்குப் பச்சைத் தண்ணீரும் அமிர்தமாகத்தான் இருக்கும். அதனால் பேரீச்சம்பழம் தின்று, தண்ணீரும் கஞ்சியும் குடித்து, சாயங்காலத் தொழுகை மஃரிபை முடித்துவிட்டு, பசி அடங்கிய பிறகுதான் உன் தட்டில் கை வைத்தேன். நீயும் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாய். நான் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

முதல் நாள் நாசி லெமாக். தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறு என்று நீ சொன்னதுமே கீழ்வீட்டு டோ ஞுன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். தினமும் காலையில் ஒன்தமின் என்று தேங்காய்ச் சோறு சமைத்து வாசலில் விற்கிறவள் அல்லவா. "எங்க தேங்காய்ச் சோத்தைத்தானே செய்யப்போறான், இதுக்கா பிளேன் ஏறிப் போனான்?" என்று அவள் பாஷையில் என்னிடம் கேட்டாள். நீ வாழையிலையை வாட்டி, சோற்றைக் குவித்து, மேலே மிளகாய்ச் சம்பாலும் பொரித்த நெத்திலியும் வேர்க்கடலையும் வெள்ளரித் துண்டும் பாதி முட்டையும் வைத்துக் கூம்பாக மடித்து அவள் கையில் கொடுத்தாய். அவளுடைய சோற்றில் வெங்காயத்தின் தித்திப்பு முன்னால் வரும். உன்னுடையதில் ரம்பை இலையும் இஞ்சியும் வந்து, தேங்காய் பின்னால் வந்தது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நின்றது. அவள் நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள். இலையைப் பிரித்துப் போட்டு அதில் ஒட்டியிருந்ததையும் வழித்தாள். பிறகு "சாலோ காங்தே" என்றாள், ருசிதான் என்று. அதே வேலை செய்கிற இன்னொருத்தி வாயிலிருந்து அது வந்தது என்பதை நீ கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன்.

அடுத்து ரெண்டாங். மத்தியானத்திலிருந்து அடுப்பை விட்டு நகராமல் மாட்டிறைச்சியைத் தேங்காய்ப் பாலில் கிண்டிக்கொண்டே இருந்தாய். பால் வற்றி, எண்ணெய் பிரிந்து, நீ வறுத்து அரைத்த தேங்காயும் சேர்ந்து, கறி கறுப்புக்கு வந்துவிட்டது. வாப்பா எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் "கருக விட்டுட்டான் போல, ஒண்ணும் சொல்லாதே" என்றார். மின்சாரம் போன வீட்டில் ஜன்னலெல்லாம் திறந்திருந்ததால் வாசனை படிக்கட்டு முழுக்க இறங்கியது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போனவர்கள் இரண்டாம் மாடியில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, நோன்பு நினைவு வந்து வேகமாக இறங்கிப் போனார்கள். அந்தக் கறியைப் பற்றி நான் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். விரலால் தொட்டதும் நார் நாராகப் பிரிந்தது. மசாலா இறைச்சியின் உள்ளே வரை போயிருந்தது. இத்தனை வருடம் கறி சமைத்த எனக்கு, நீரை வற்றவிடுவதற்கு இவ்வளவு பொறுமை ஒருநாளும் இருந்ததில்லை. எதிலும் அவசரப்படுகிற பிள்ளை என்று உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

புளி லக்சாவை வாப்பா நம் ஊர் மொஹிங்கா என்றே நினைத்துவிட்டார். மீனும் நூடுல்ஸும் குழம்புமாக அது மொஹிங்கா மாதிரித்தானே இருக்கிறது. ஒரு வாய் குடித்துவிட்டு "காலைல வாங்கினதா, புளிச்சுப் போச்சே" என்றார். "அது அப்படித்தான் வாப்பா, அன்னாசிப்பழமும் புதினாவும் போட்டு மறுவாய் சாப்பிடுங்க" என்று நீ சொன்னாய். மறுவாய்க்குப் பிறகு அவர் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. செண்டோலுக்குப் பச்சை மாவை ஓட்டைக் கரண்டியில் அழுத்தி நீ நீளநீளமாக விழவைத்தபோது டோ ஞுன்னின் பேத்திகள் புழு புழு என்று சிரித்தார்கள். பிறகு ஐஸும் தேங்காய்ப் பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றித் தந்ததும் கிண்ணத்துக்குச் சண்டை போட்டார்கள். இந்த ஊர்ப் பனைவெல்லம் அந்த ஊர் வெல்லத்தைவிட வாசனை என்று நீ சொன்னாய். இங்கே கிடைக்கிற ஒன்றை உயர்த்திச் சொன்னாயே என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை எழுந்தது. பிள்ளை திரும்பி வருவதற்கு வெல்லம் ஒரு காரணமாகுமா என்று கேட்காதே. தாய் மனசு எதையும் பிடித்துக்கொள்ளும்.

இனி அந்தச் சம்பால் நாளுக்கு வருகிறேன். நீ பெட்டியில் கொண்டுவந்த பெலாச்சான் கட்டி தீர்ந்துபோயிருந்தது. வாப்பாவோ கடைத்தெருக் கூட்டாளிகள் நாலு பேரை நோன்பு திறக்க அழைத்துவிட்டார். அதுவும் இறால் விழுது, இதுவும் இறால் விழுது என்று நம் ஊர் நாப்பியை எடுத்து, பெலாச்சானுக்குப் போடுகிற அதே அளவைப் போட்டு வதக்கிவிட்டாய். நாப்பிக்கு உப்பு எவ்வளவு என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவன்தான். ஆனால் கை கோலாலம்பூர்க் கையாகிவிட்டது, நாக்கோ நோன்பில் இருந்தது. ருசி பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். விருந்தாளிகள் முதல் வாயில் நிறுத்தித் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்கள். ஒருவர் இருமினார். வாப்பா மட்டும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மூன்று கோப்பைத் தண்ணீர் குடித்தார். நீ தலை நிமிரவில்லை. எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன், மகனே. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குறை கிடைத்துவிட்டது, என் பிள்ளை என்னிடமே வந்துவிடுவான் என்று மனசு துள்ளியது. உன் முகத்தைப் பார்த்த பிறகும் அது அடங்கவில்லை.

வந்தவர்கள் போன பிறகு, நாப்பியைத் தப்பு சொல்லுவாய் என்று காத்திருந்தேன். இந்த ஊர்ச் சாமான் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பிடித்துக்கொண்டிருப்பேன். நீயோ "பழக்கத்துல போட்டுட்டேன் உம்மா, என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கரிக்கிற சம்பாலை உன் சோற்றில் போட்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டாய். மறுநாள் சந்தைக்கு நீயே போய் வேறு நாப்பி வாங்கிவந்தாய். மெல்லியதாகத் தட்டி மொட்டை மாடி வெயிலில் காயவைத்தாய், வாழையிலையில் மடித்துக் கரி அடுப்பில் சுட்டாய். டோ ஞுன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்குத்தான் நோன்பு இல்லையே தம்பி, கொண்டா, நான் நாக்குல வச்சுப் பாத்துச் சொல்றேன்" என்று கையை நீட்டினாள். "வேணாம் அன்ட்டி. அங்க எனக்கு யாரு பாத்துச் சொல்லுவா?" என்று சிரித்துவிட்டாய். சூடான உள்ளங்கையில் ஒரு பொடி வைத்துத் தேய்த்து முகர்ந்தாய். கொஞ்சம் போட்டு, நின்று, மறுபடி முகர்ந்து, இன்னும் கொஞ்சம் போட்டாய். உப்பு ஜாடியை அன்று நீ தொடவே இல்லை. அதே நாலு பேரையும் மறுபடி கூப்பிடச் சொன்னாய். வாப்பாவுக்கே தயக்கம். நீதான் அவர்கள் வீடு வரை போய் அழைத்து வந்தாய்.

அன்றைய சம்பாலை நான் ஒரு விரலில் எடுத்து வைத்தேன். முதலில் மிளகாய், பிறகு வெங்காயத்தின் இனிப்பு, கடைசியில் இறாலின் வாசம். உப்பு இருந்ததே தெரியவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் அது தெரியாது. அந்த நாலு பேரும் சோறு இரண்டாம் முறை கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். வயிறு நிறைந்த சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நீ போன பிறகு இந்த ஒரு வாரமாக எனக்கு இதே யோசனைதான். சம்பாலில் உப்புக் கரித்தது என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். பொய்யும் ஆகாது, பாவமும் சேராது. நாலு சாட்சி வேறு இருக்கிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் நீ இந்த வீட்டில் இருப்பாய். வாப்பாவிடம் இதைச் சொன்னேன். வழக்கம்போல நல்லாத்தான் இருக்கு என்பார் என்று நினைத்தேன். "மழை மாசம் விட்டா நானே அந்தக் கடைல ஈ ஓட்டறேன். அவனும் வந்து எம் பக்கத்துல உக்காந்து ஓட்டணுமா?" என்றார். பிறகு, "அவன் இங்க இருந்தா எனக்கும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். ஒரு குடையை எடுத்து விரித்து, கம்பியைப் பார்ப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பதிலுக்கு முன்னால் சில விஷயங்கள் சொல்ல வேண்டும், கேட்டுக்கொள். ஊர் பார்க்க வருகிறவன் ஊரிலுள்ள எல்லாவற்றையும் ஒரே கடையில் கேட்பான். உனக்குக் கை வருகிறதை மட்டும் செய். மற்றதற்கு எந்தக் கடை நல்லது என்று நீயே கைகாட்டிவிடு, அவன் மறுநாளும் உன்னிடம்தான் வருவான். வெளிநாட்டுக்காரன் முகம் சிவக்கிறது என்று காரத்தைக் குறைக்காதே, பக்கத்தில் வெள்ளரித் துண்டை அதிகமாக வை. சாப்பிடுகிறவன் முகத்தைப் பார், ஆனால் எப்படி இருக்கிறது என்று கேட்காதே. என்னை நீ அப்படிப் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளி கண்ணை மூடும்வரை அவருக்கு முதல் தட்டு உன் கையால் போக வேண்டும். கடையில் நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்ளாமல், ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு. தட்டு கழுவுகிற பிள்ளை யாராக இருந்தாலும் அவனுக்கும் சூடாகப் போடு. இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

சரி, பதில். உன் சோற்றில் குறையில்லை. உன் ரெண்டாங்கில் குறையில்லை. லக்சாவில் தேடினேன், செண்டோலில் தேடினேன், கிடைக்கவில்லை. விருந்தாளிகள் முதல்முறை வந்த அன்று சம்பால் கரித்தது உண்மை. ஆனால் ருசி பார்க்காமலே அதை மறுநாள் திருத்திய கையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. நிக்காஹ் வீடுகளில் எத்தனையோ பண்டாரிகளின் சட்டியைப் பார்த்தவள் சொல்கிறேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது. நான் விரட்டிய அடுப்படியில் என் பிள்ளை என்னைவிட நன்றாகச் சமைத்துக் காட்டியதில் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. உன் கை தகும். கடையை எடுத்துக்கொள், மகனே. மலேசியா பார்க்க வருகிறவர்கள் ரங்கூன் பிள்ளை கையால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

மேல்வீட்டு மருமகன் நாளைக் காலை கோலாலம்பூருக்கு விமானம் ஏறுகிறார். இதை அவர் கையில் கொடுக்க வாப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். காலையில் கொடுத்தால் போதாதா, இப்போது என்ன அவசரம் என்று கேட்கிறார். இப்போதே கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் ஒரு ராத்திரி என்னிடம் இருந்தால், விடிவதற்குள் உன் சமையலில் எப்படியும் ஒரு குறையைக் கண்டுபிடித்து எழுதிவிடுவேன்.